பிள்ளையாருக்குக் கீழே இருந்த மா வாளி

என் கை ராசியில்லாத கை என்று பாரிசின் லா சப்பலில் ஓர் உணவகம் முழுக்க மூன்று கிழமையாகப் பேசிக்கொண்டது. நான் சமையலறையில் சேர்ந்த நாளிலிருந்து அவர்களுடைய தோசைமா புளிக்கவில்லை. தை மாதக் குளிர். காலையில் வாளியைத் திறந்தால் மா வைத்தபடியே கிடக்கும்.

முதலாளி நல்ல மனிதர்தான். "உம்மிலை கோவமில்லை, தங்கச்சி. ஆனா உம்மடை கை பட்டாப் பிறகு மா பொங்கேல்லையே," என்றார். மாத முடிவில் நிரந்தரக் கொந்திரா தருவதாகப் பேச்சு. அந்த ஒப்பந்தம் கையில் இல்லாமல் இந்த ஊரில் எவன் வீடு தருவான்? நானும் மகளும் சென் தெனியில் மச்சாள் வீட்டு வரவேற்பறையில் படுத்துக்கொண்டிருந்தோம். மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தேன். எல்லாம் ஒரு வாளி மாவில் வந்து நின்றது.

அந்த ஞாயிறு மகள் பரீட்சைக்கு மெய்யியல் படித்தாள். இரண்டாயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்பே கிரேக்கத்தில் சிலர், இடியும் நிலநடுக்கமும் தெய்வக் கோபமில்லை, இயற்கையிலேயே காரணம் உண்டு என்று கிளம்பினார்களாம். முதலாமவர் எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்றாராம்.

"அப்ப என்ரை மாவுக்கும் தண்ணிதான் பிழையோ?"

திங்கட்கிழமை போத்தல் தண்ணீரில் அரைத்தேன். மா அசையவில்லை. மகள் சிரித்துக்கொண்டு பிரெஞ்சில் விளக்கினாள்: அவருடைய பதிலும் பிழைதான், ஆனால் கேள்வி சரி. அதனால்தான் இன்னொருவர் வந்து காற்று என்றார். வாயைக் குவித்து ஊதினால் காற்றுக் குளிரும், ஆவென்று திறந்து ஊதினால் வெதுவெதுக்கும் என்று அவர் கவனித்தாராம். நாங்கள் இரண்டு பேரும் விசர் பிடித்தவர்கள் மாதிரி உள்ளங்கையில் ஊதிப் பார்த்தோம். உண்மைதான்!

அடுத்த நாள் வாளியைத் திறக்கக் குனிந்தேன். பிடரியில் யாரோ வாயைக் குவித்து ஊதியதுபோல் இருந்தது. நிமிர்ந்தேன். சுவரில் பிள்ளையார் படம். அதற்கு மேலே காற்றுத் துவாரம்.

"அண்ணை, இந்த வாளி முந்தியும் இஞ்சைதானோ இருந்தது?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"இல்லை, பிரிஜ்ஜுக்குப் பின்னாலை. புது ஆளின்ரை கை படுதெண்டு, நீர் வந்த அண்டைக்குத்தான் என்ரை மனிசி பிள்ளையாருக்குக் கீழை வைச்சவ."

அட கடவுளே! என் கைக்குப் பயந்து வாளியை நகர்த்திவிட்டு, பழியையும் என் கையிலேயே போட்டிருக்கிறார்கள்! வந்த கோபத்துக்கு அகப்பையைத் தூக்கி எறிந்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு முதலாளியின் மனைவியிடம் போனேன்.

"அக்கா, இண்டைக்கு நீங்களும் அரையுங்கோ, நானும் அரைக்கிறன். உங்கடை மா பிள்ளையாருக்குக் கீழை இருக்கட்டும். என்ரை மா பிரிஜ் மோட்டருக்குப் பக்கத்திலை. விடியப் பாப்பம்."

விடிய வந்து பார்த்தால், என் மா மூடியைத் தள்ளிவிட்டுத் தரையெல்லாம் வழிந்திருந்தது. அக்காவின் ராசியான கை அரைத்த மா சுண்ணாம்புக் கரைசல்போலச் சும்மா கிடந்தது. நான் வாய்விட்டுக் கத்தினேன். தரையைத் துடைத்ததும் நான்தான். பாரிசில் எத்தனையோ தரை துடைத்திருக்கிறேன், பாட்டுப் பாடிக்கொண்டு துடைத்தது அது ஒன்றைத்தான்.

அக்கா இரண்டு வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓம், உம்மடை கையிலை பிழையில்லை," என்றார். பிறகு கதிரையில் ஏறிப் பிள்ளையாரைக் கழற்றி, பிரிஜ்ஜுக்கு மேலே மாட்டினார். "பாவம், அவருக்கும் அங்கை குளிர்தானே."

வெள்ளிக்கிழமை கொந்திராவில் கையெழுத்துப் போட்டேன். ராசியில்லாத அதே கையால்தான்.