மேலே போகாத கை

கோஷம் போடுகிறவனுக்குத் தொண்டை பாதி, வலது கை பாதி. கை இறங்கும்போதுதான் கூட்டம் பதில் சொல்லும். சுனாமிக்குப் பிறகு மூன்றாம் வருடம் என் கை மேலே போக மறுத்தது. எலும்பு ஒடிந்து தேறிக்கொண்டிருக்கும் தோழர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சேறு

தடியடியில் ஒடிந்திருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். மீன் அங்காடி வாசலில், மழைச் சேற்றில் சைக்கிள் வழுக்கி விழுந்தேன். வலது தோள் போயிற்று. ஆறு வாரம் கழித்து டாக்டர், கையைத் தாங்கிய கழுத்துத் துணியை அவிழ்த்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நானே மறுபடி கட்டிக்கொண்டேன். அடுத்த முறை அதே துணியோடு போய் நின்றபோது அவர் சொன்னார்: "எலும்பு எப்பவோ சேர்ந்துடுச்சு. நீங்கதான் நம்ப மாட்டேங்கிறீங்க."

சட்டை

அசைக்காத தோள் இறுகியது. இறுகியதால் வலித்தது, வலித்ததால் அசைக்கவில்லை. தலை வாரவும் சட்டை மாட்டவும் மனைவி சவரியம்மாள் வேண்டியிருந்தது. ஒரு நாள் காலையில், அவள் சட்டையை எடுக்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டேன். சட்டையைக் கட்டிலில் வீசினாள். "நாலு போலீஸ் சேர்ந்து வேன்ல தூக்கிப் போட்டப்பகூட மூஞ்சி சுளிக்காத மனுசன். ஒரு சட்டைக்கா இந்தப் பாடு?"

சுவர்

பிசியோதெரபி கொடுக்கும் பெண், சுவரில் விரல்களைப் படியேறுவதுபோல் மேலே நகர்த்தச் சொன்னாள். வலிக்காது என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். வலிக்கும், ஆனால் கெடுதல் செய்யாத வலி என்றாள். அப்படியொரு வலி இருப்பதாக நான் படித்த துண்டறிக்கை எதிலும் இல்லை. அவள் என் முழங்கையைப் பிடிக்க வந்தாள்; அலறிவிட்டேன். "ஐயா, நான் இன்னும் உங்களைத் தொடவே இல்லீங்களே!"

ஊர்வலம்

அங்காடிக்குக் கூரை கேட்டு மீன் விற்கும் பெண்கள் எங்கள் தெரு வழியே போனார்கள். முன்னால் கருக்களாச்சேரி அஞ்சலை கோஷம் கொடுத்தாள். வாசலில் நின்று பார்த்தேன். தூக்கிய என் கைக்குக் கீழே ஒரு தெரு முழுக்க மூச்சைப் பிடித்து நிற்குமே, அது மறுபடி ஒரே ஒரு தடவை வேண்டும்போல் இருந்தது. என்னை மறந்து தூக்கினேன். காதுவரை போனது. வலித்தது, நான் பயந்திருந்ததில் பாதிகூட இல்லை. ஆனாலும் அதற்கு மேல் போகவில்லை.

அஞ்சலை பார்த்துவிட்டாள். கூட்டத்தை நிறுத்திச் சிரித்தபடி கத்தினாள்: "இன்னுங் கொஞ்சம் தூக்குங்க தோழரே, பின்னாடி நிக்கிறவளுவளுக்குத் தெரியல!"

நாற்பது வருடம் அதிகாரிகளிடம் கேட்டுக் கேட்டு வாங்கிய அதே பதிலைத்தான் இப்போது என் தோளும் சொல்கிறது: கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது.