முப்பது கன்றுகளும் குலசேகரம் அண்ணையும்

என் ஆய்வைக் கெடுத்தவர் குலசேகரம். அவர் யாழ்ப்பாணம், நான் கோயம்புத்தூர்க்காரி, எங்கள் ஊருக்கு மரியாதை அதிகம், எனக்கு வாய் அதைவிட அதிகம். 2009இல் லண்டனில் ஹவுன்ஸ்லோவுக்கு அருகே மணற்பாங்கான ஒரு காட்டில், வறண்ட மண்ணில் ஓக் கன்றுகள் எப்படிப் பிழைக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது கன்றுகளை முதிர்ந்த ஓக் மரங்களின் நிழலில் வைத்திருந்தோம், முப்பதை வெட்டவெளியில். தண்ணீர் ஊற்றக் கூடாது, வாரம் ஒருமுறை எண்ணினால் போதும். எண்ணுவது குலசேகரத்தின் வேலை. ஏர்போர்ட்டில் கிளீனிங் ஷிப்ட் முடித்துவிட்டு நேராகக் காட்டுக்கு வருவார்.

ஒன்பது வருடமாக இங்கே தனி ஆள். விசா கிடைத்ததும் கூப்பிடுவதாகச் சொல்லி மனைவி யோகமலரை வன்னியில் விட்டு வந்தவர். விசா கிடைத்தபோது போரில் பாதை மூடியிருந்தது. தை மாதத்துக்குப் பிறகு அவள் குரலும் இல்லை. தமிழர்கள் கூடும் ஈஸ்ட் ஹாமில் ஊரிலிருந்து புதிதாக யாராவது வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், அவளைக் கண்டார்களா என்று கேட்க ஓடுவார்.

ஜூன் கடைசியில் வெயில் கொளுத்தியது. நிழலில் இருந்தவை தாக்குப்பிடித்தன. வெளியில் நின்றவை வாடத் தொடங்கின. நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். அடுத்த வாரம் போனால், வெளியில் இருந்த முப்பதுக்கும் பக்கத்தில் காட்டுப் பெரணிச் செடியின் கொப்பு குத்தி நிழல் கட்டியிருந்தது, ஊரில் புதுக் கன்றுக்கு ஓலை குத்துவது மாதிரி. மண்ணும் ஈரம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். எட்டு மாத உழைப்பு போச்சு என்று கத்தினேன். வேலையை விட்டு அனுப்புவேன் என்றும் சொன்னேன்.

அவர் மறுக்கவில்லை. நான்கு நாட்களுக்கு முன் யாருடைய போனிலோ யோகமலர் இரண்டு நிமிடம் பேசினாளாம். உயிரோடு இருக்கிறாள், முள்வேலி முகாமில். காட்டை வெட்டி வெளியாக்கி, கூடாரம் போட்ட இடம். எப்போது கூப்பிடுவீர்கள் என்று அவள் கேட்கவேயில்லையாம். கொஞ்ச நேரம் ஒரு மரத்தடியில் இருந்தால் போதும் என்றாளாம்.

“அவவுக்கு நிழல் குடுக்க என்னால ஏலாது, பிள்ளை,” என்றார். “இதுகளுக்கு ஏலும்.”

நோட்டில் அந்த முப்பதையும் கோடு போட்டு அடித்தேன். சாய்ந்திருந்த கொப்புகளை இருவரும் சேர்ந்து நிமிர்த்திக் குத்தினோம்.

அந்தக் கோடையில் முப்பதும் பிழைத்தன. யோகமலர் வெயிலில்தான் இருந்தாள்.