தராசிடம் சொன்ன தலைவலி

மிஷன் ஆஸ்பத்திரி பினா லூயாண்டோவுக்குச் சம்பளம் கொடுப்பது துணை நர்ஸ் வேலைக்கு. அவர் பார்ப்பதோ வாய் வேலை. சேவை செய்ய வரும் வெளிநாட்டு டாக்டர்கள் ஆங்கிலத்தில் கேட்பதை நோயாளிக்கு ஊர்ப் பாஷையான டோங்காவில் சொல்வார், நோயாளி சொல்வதை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்வார். பினா லூயாண்டோ என்றால் லூயாண்டோவின் அம்மா. மகள் பிறந்த நாளிலிருந்து ஊருக்கே அவர் அந்தப் பெயர்தான். சொந்தப் பெயரைச் சொல்லி இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. அவரை 'அவள்' என்று எழுதிவிட்டு அந்தப் பக்கம் தலைகாட்டவும் முடியாது.

சொன்னதைச் சொன்னபடி சொல்லும் பழக்கம் அவரிடம் கிடையாது. உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னால், "உப்பு மூட்டைய தலைக்கு வெச்சுத் தூங்குறியான்னு டாக்டர் கேக்கறாங்க" என்றுதான் அது போய்ச் சேரும். நோயாளி சிரிப்பார். ஏனென்று தெரியாமல் டாக்டரும் சிரிப்பார். மூன்று வாரம், நாலு வாரம் என்று வந்து போகிற டாக்டர்களையெல்லாம் தான்தான் ஆளாக்கி அனுப்புவதாக அவருக்கு ஒரு நினைப்பு. அது முழுக்கப் பொய் என்றும் சொல்வதற்கில்லை.

அவருடைய ஆங்கிலத்தில் ஒரு விசேஷம் உண்டு. டோங்காவில் மதிப்புக்குரிய ஒருவரைப் பன்மையில்தான் சொல்வார்கள், நம் 'அவங்க' மாதிரி. அந்த மரியாதையை அவர் ஆங்கிலத்துக்கும் கொண்டுபோய்விட்டார். தலைமை டாக்டர் தனியாக வந்தாலும் 'அவர்கள் வந்திருக்கிறார்கள்' என்பார். ஆங்கிலத்தில் அது மரியாதை ஆகாது, கூட்டம் ஆகிவிடும். பழகிய டாக்டர்கள் கண்டுகொள்ளமாட்டார்கள். புதியவர்கள் மீதிப் பேர் எங்கே என்று கதவுப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். நார்வேயிலிருந்து வந்திருந்த சர்ஜன் ஹால்வார் கடைசி வாரத்திலும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சனிக்கிழமை அவருக்கு விமானம். மழைக்காலம் முடிந்த பிறகுதான் அடுத்த சர்ஜன் வருவார். அதை நினைத்து பினா லூயாண்டோவுக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை மைன்சாவுக்குக் குடலிறக்கம். இரண்டு வருஷமாக மறைத்து வைத்திருக்கிறார், ஏர் ஓட்டும்போது பாதியில் சுருண்டு உட்கார்ந்துவிடுகிறார் என்று மகள் வந்து அழுதாள். பக்கத்துக் கிராமத்தில் போன அறுவடையின்போது ஒருவர் இதே நோயை மறைத்து, குடல் முறுக்கி, ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் மாட்டுவண்டியிலேயே போய்ச் சேர்ந்தார். மகளோ மாசமாக இருக்கிறாள்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் அங்கேதான் சிக்கல். மாமியாரும் மாப்பிள்ளையும் முகம் பார்த்துப் பேசுவது அவர்களிடம் வழக்கமில்லை. எதிரே வந்தால் ஒருவர் பாதையை விட்டு இறங்கிவிடுவார். தவிர்க்க முடியாத பேச்சென்றால் பக்கத்தில் நிற்கும் ஆட்டிடமோ மரத்திடமோ சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். அதிலும் இடுப்புக்குக் கீழே உள்ள சமாசாரத்தை எந்த ஆட்டிடம் சொல்வது? ஆண் நர்ஸ் இருக்கும் நாளாகப் பார்த்து அவரை அனுப்பு என்று மகளிடம் சொல்லிவிட்டிருந்தார்.

மைன்சா வந்த புதன்கிழமை பார்த்து அந்த நர்ஸ் தடுப்பூசி மருந்து எடுத்துவர டவுனுக்குப் போயிருந்தார்.

உள்ளே வந்த மைன்சா மாமியாரைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பினா லூயாண்டோ துணியை இழுத்து முக்காடு போட்டு, மருந்து அலமாரியைத் திறந்து தலையை உள்ளே நுழைத்துக்கொண்டார். டாக்டர் இரண்டு முதுகுகளையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன செய்கிறது என்று கேளுங்கள் என்றார்.

மூலையில் எடை பார்க்கும் தராசு நின்றது. "தராசய்யா, வந்திருக்கிறவங்களுக்கு என்ன செய்யுதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

"தராசய்யா, தலைவலின்னு சொல்லிடுங்க" என்றது சுவர்ப் பக்கம்.

பினா லூயாண்டோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரை வாங்கிக்கொண்டு போய்ச் சாகப்போகிறார்களே, அறிவு கெட்டவங்க, என்று மரியாதை குறையாமல் மனசுக்குள் திட்டினார். டோங்காவில் அந்த நோயின் பேரைச் சொன்னால் இரண்டு பேருக்கும் மானம் போகும். ஆங்கிலத்தில் சொன்னால் அது வெறும் சத்தம்தானே? மைன்சா ஏழாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்தவர் என்பதை அந்த நிமிஷம் மறந்துவிடுவது என்று முடிவெடுத்தார். மருந்துப் புட்டிகளைப் பார்த்து ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தார்:

"அவர்களுக்குத் தலையில் ஒன்றும் இல்லை, டாக்டர். கீழே குடல் இறங்கியிருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு தலைவலி என்கிறார்கள். விட்டால் செத்துப்போவார்கள்."

டாக்டர் திடுக்கிட்டார். "எல்லாருமா?"

மாப்பிள்ளைக்கு டாக்டரும் மரியாதை கொடுக்கிறாரே என்று பினா லூயாண்டோவுக்குச் சந்தோஷம். "ஆமாம் டாக்டர், அவர்கள்தான்."

டாக்டர் ஜன்னல் வழியே வராந்தாவைப் பார்த்தார். பெஞ்சு நிறைய ஆண்கள், முக்கால்வாசிப் பேர் தலைவலிக்காரர்கள். விறுவிறுவென்று வெளியே போனார். தெரிந்த இரண்டு டோங்கா வார்த்தைகளை வைத்துக்கொண்டு, தன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டி, "இங்கே வலி?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார். எதிர் பெஞ்சுப் பெண்கள் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு சர்ச்சில் முரசடிக்கும் தடித்த மனிதர் தரையைப் பார்த்தபடி எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

மைன்சா மெல்லத் தலையைத் திருப்பினார். "தராசய்யா, இத்தனை பேருக்கா?"

"ஊருல பாதிப் பேருக்குத் தலை கீழதான் இருக்குதாம்னு சொல்லுங்க தராசய்யா" என்றது அலமாரி.

மைன்சா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே எழுந்து போய் முரசுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் நாலு பேருக்கும் ஆபரேஷன் முடிந்தது. முகத்தைக்கூடப் பார்க்காமல், அலமாரிக்குள் இருந்தபடியே, ஒரு பெஞ்சு நோயைக் கண்டுபிடித்த அம்மாள் என்று டாக்டர் போகிற வரைக்கும் எல்லாரிடமும் சொல்லி வியந்தார். பினா லூயாண்டோ அதை மறுக்கவில்லை. எதற்கு மறுக்க வேண்டும்?

வீட்டுக்கு அனுப்பிய அன்று மைன்சா மெதுவாக நடந்து வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு தராசின் பக்கத்தில் நின்றார்.

"தராசய்யா, தலைவலி போயிடுச்சுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. பொறக்கறது பொண்ணா இருந்தா அவங்க பேர வைக்கலாம்னு இருக்கோம். அவங்க பேரு என்னன்னு எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லுங்க."

எல்லாருடைய பேச்சையும் எடுத்துச் சொல்கிறவர் அலமாரிக்குள் தலையை விட்டு ஒரு மூச்சு அழுதார். துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சிபேகோன்னு சொல்லுங்க, தராசய்யா."