வெள்ளையாகவே வந்த தாள்

ஒரு இடத்தில் கல்குவாரி வெட்டுவதற்கு முன்னால், அங்கே காற்று எப்படி இருக்கிறது, என்னென்ன செடி இருக்கிறது என்று ஒரு பருவம் முழுக்க அளந்து எழுதித் தர வேண்டும். அந்த வேலையைச் செய்கிற கம்பெனி ஒன்றில் நான் இருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் வாடகை அறை, ஒரகடத்தைச் சுற்றி அலைச்சல். வல்லம் வடகால் பக்கம் தொழிற்சாலை மேல் தொழிற்சாலையாக எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கெல்லாம் ஜல்லி வேண்டுமே, அதற்குத்தான் குவாரி. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு அலுத்துவிட்டது.

நாங்கள் அளக்கப் போன ஊரில் ஏற்கெனவே ஒரு குவாரியும் கல் உடைக்கும் கிரஷரும் ஓடின. வரப்போவது இரண்டாவது. எங்களோடு வந்த தாவரவியல்காரர் ஒவ்வொரு இலையையும் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் நுணாவா, காரையா என்று சொல்லுவார். துடைக்காவிட்டால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அப்படியும் மனிதர் கடைசியில் 'முட்புதர், குறிப்பிடும்படி ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டு, பக்கத்தில் இளநீர் கிடைக்குமா என்று விசாரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும் இளநீர் குடித்தேன்.

காற்றை அளக்கும் மிஷினுக்கு மாடியும் கரண்டும் வேண்டும். மாதா கோயில் தெருவில் ஒரு அக்கா தன் வீட்டு மாடியைக் கொடுத்தார். கணவர் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. மகள் இரண்டாம் வகுப்பு, மூச்சிழுப்பு. வீட்டை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். இருப்பதே இந்த ஒரு வீடு, எங்கே போவது? இங்கே என்ன காற்றைச் சுவாசிக்கிறோம் என்று இந்த மிஷின் காட்டிக்கொடுத்தால் இரண்டாவது குவாரிக்கு அனுமதி தரமாட்டார்கள் என்று அக்கா உறுதியாக நம்பினார். நான் அவ்வளவு நம்பவில்லை. இருந்தாலும் தலையாட்டினேன்.

மிஷின் என்றால் ஒரு இரும்புப் பெட்டி, மேலே சின்னக் கூரை, கூரைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள். மோட்டார் காற்றை இழுக்கும், தூசி தாளில் படியும், தாளின் எடை எவ்வளவு ஏறியது என்று பார்ப்போம். காலையில் தாளை மாட்டிவிட்டுப் போனால் மறுநாள் வந்து எடுப்பேன். பிள்ளைகள் குச்சியை விட்டு நோண்டும் என்பதால் எந்த வீட்டில் வைத்தாலும் "மிஷின் பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போவது எங்கள் வழக்கம்.

அந்த வீட்டுத் தாள் மட்டும் ஒவ்வொரு முறையும் வெள்ளையாகவே வந்தது. ஏன் என்று எடை பார்க்கும் லேபில் கேட்டார்கள். கரண்ட் கட் என்றேன். அந்த வருஷம் எல்லாப் பழியையும் சுமந்தது அதுதான்.

கடைசித் தாளை எடுக்க வழக்கத்தைவிடச் சீக்கிரமாகப் போனேன். மாடி முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தது. மிஷினைச் சுற்றி நாலு பக்கமும் கயிறு கட்டி ஈரச் சேலைகள் தொங்கின. அக்கா வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு பொட்டுத் தூசி உள்ள பூந்துருக்காது சார். ஆஸ்பத்திரில மிஷின் கீற ரூம்ல செருப்பே போடக் கூடாதுன்றாங்க. இத்த எப்புடிக் காப்பாத்திக்கினு கீறேன் பாருங்க."

ஒவ்வொரு முறையும் இப்படித்தானா என்று கேட்டேன். ஆமாம், நான் வருவதற்குள் அவிழ்த்துத் துவைக்கப் போட்டுவிடுவாராம். அங்கேயே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து மேலாளருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி, திரும்ப அளக்க வேண்டும் என்றேன். பருவம் முடிந்தது, மிஷின் மதியம் வேறு ஊருக்குப் போகிறது, காற்று சுத்தமாக இருந்தால் உனக்கென்னப்பா கஷ்டம் என்றார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். தூசியைப் பிடிக்கத்தான் அந்தத் தாள். அதை நீங்கள் தடுத்துவிட்டீர்கள். இனி அளக்க மாட்டார்கள். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"அப்போ எங்க வூட்டாண்ட தூசியே இல்லன்னு எழுதிருவீங்களா சார்?"

அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். கீழே மகள் இருமிக்கொண்டிருந்தாள். அவர் சேலைகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இப்போ போடுங்க சார்."

போட்டாலும் கணக்கில் சேராது, எடை பார்க்கவே மாட்டார்கள் என்று விளக்கினேன்.

"கணக்குல சேர வாணாம். நீங்களாவது பாத்துட்டுப் போங்க."

பையில் ஒரு தாள் மிச்சம் இருந்தது. மாட்டி, சுவிட்சைப் போட்டேன். மாடியில் ஈரம் காய்ந்தது. தெருவில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மிஷினை ஏற்றிப்போகும் வேன் வந்து ஹாரன் அடிக்கும்வரை நானும் அவரும் மிஷின் பக்கத்திலேயே நின்றோம். பிறகு கூரையைத் திறந்து, தாள் லேசாகப் பழுப்பேறியிருந்ததை இரண்டு பேரும் பார்த்தோம்.