ஆறு மூக்கும் என் மூக்கும்

சீழ் வளர்ப்பது என் உத்தியோகம். இதை வெளியே சொன்னால் எவனும் பெண் கேட்டு வரமாட்டான் என்று, வீட்டில் "ஆஸ்பத்திரியில வேலை" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. மாரியூருக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊர், சின்ன ஆஸ்பத்திரி, அதன் மூலையில் ஓர் அறை. அதற்கு லேப் என்று பெயர். கடல்பாசியைக் காய்ச்சி, கறிச்சாறு கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி உறையவைப்பேன். எங்கள் வாட்ச்மேன் பாய் அதை எட்டிப் பார்த்து, "நோன்புக்கு எங்க வீட்ல இதுல சீனி போடுவோம், நீங்க கறித்தண்ணிய ஊத்துறீகளே" என்று முகம் சுளிப்பார். அந்தத் தட்டில் சீழைத் தடவி, மேலே பென்சிலினில் நனைத்த காகிதப் பொட்டு ஒன்றை வைப்பேன். மறுநாள் பொட்டைச் சுற்றி வெறும் வட்டம் விழுந்திருந்தால், மருந்துக்குக் கிருமி செத்தது. பொட்டை ஒட்டியே வளர்ந்திருந்தால் நமக்குச் சனி பிடித்தது.

அப்படி ஒரு சனி ஒரு நாள் வந்து சேர்ந்தது. வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர் ஒருவரின் மனைவி, எங்களிடம் தலைப்பிரசவம் பார்த்துக்கொண்டு போனவள், மூன்றாம் வாரமே மார்பில் கட்டியும் காய்ச்சலுமாகத் திரும்பி வந்து படுத்தாள். டாக்டரம்மா கட்டியைக் கீறிவிட்டு, நாள் தவறாமல் பென்சிலின் ஊசி போட்டார். காய்ச்சல் அசைந்து கொடுக்கவில்லை. சீழ் என்னிடம் வந்தது. மறுநாள் தட்டைத் திறந்தால், பொன் நிறக் கிருமி பொட்டின் ஓரம்வரை பாய் விரித்துப் படுத்திருந்தது.

"மதுரையில இருந்து புது மருந்து வரவழைக்கிறேன், கேப்சூல்" என்றார் டாக்டரம்மா. "அதுக்கும் கேக்கலேன்னா என் கையில வேற ஒண்ணும் இல்ல. இது எங்க இருந்து வந்துச்சுன்னு நீ கண்டுபிடி. நாளைக்குப் பிரசவத்துக்கு வர்றவளுக்கும் இது வந்துறக் கூடாது."

அந்தப் பெண்ணுக்குத் தன் உயிரைப் பற்றிக் கவலையே இல்லை. பிள்ளைக்கு ஆட்டுப்பால் புகட்டிக்கொண்டிருந்தார்கள். என் தலையைக் கண்டால் போதும், "எனக்குப் பாலு வத்திப் போகுமாக்கா?" என்று கேட்பாள். "வாய மூடிட்டுப் படு" என்பேன்.

அவள் கணவருக்குப் போன மாதம் தொடையில் கட்டி வந்து, பென்சிலின் மாத்திரை வாங்கிப் போனது ஆஸ்பத்திரி சீட்டில் இருந்தது. பிடித்தேன் திருடனை என்று கடற்கரைக்கு விறுவிறுவென்று நடந்தேன்.

"குடுத்த மாத்திரைய முழுசாத் தின்னீகளா?"

"தின்னுட்டோமே."

"தின்னுட்டோமா? யாரு யாரு?"

"ஆறு பேரும்தேன். ஒரே வள்ளத்துல போறவுக, நான் மட்டும் எப்படித் திங்கிறது? பங்கு வச்சுட்டோம்."

"கட்டி ஒங்களுக்கு மட்டுந்தானய்யா வந்துச்சு?"

"அவுகளுக்கும் வரும்லம்மா" என்றார், நான் என்னவோ நியாயம் தெரியாதவள் மாதிரி.

வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மூத்தவர் ஒருவர் குறுக்கே வந்தார். "வள்ளத்துக்கும் ஒரு பங்கு எடுத்து வச்சிருக்கு." பிடித்த மீனில் ஆளுக்கொரு பங்குபோக வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்பது அங்கே வழக்கம். வள்ளத்தின் முனையில் செருகியிருந்த தகர டப்பாவை எடுத்துப் பெருமையாகத் திறந்து காட்டினார். மாத்திரைகள் உப்புக்காற்றில் ஊறி மாவாகிக் கிடந்தன.

எனக்கு வந்ததே கோபம்! "வள்ளத்துக்கா கட்டி வந்திருக்கு? அரைகுறையாத் தின்னா நோஞ்சான் கிருமிதான் சாகும். தப்பிச்சது தேறிக்கிட்டு, அப்புறம் மருந்தையே மதிக்காது! ஒங்க பொஞ்சாதி அங்கன கெடந்து துடிக்கிறது ஒங்களாலதான்!" கரையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

இந்தக் கிருமி குடியிருக்கும் இடம் மூக்கு. ஆறு பேரையும் மணலில் வரிசையாக உட்காரவைத்து, பஞ்சு சுற்றிய குச்சியை எடுத்தேன். சுறாவை இழுத்துப் போடுகிற ஆள் ஒருவர் "ஆத்தாடி!" என்று எழுந்து ஓடினார். மற்ற ஐந்து பேரும் அவரைத் துரத்திப் பிடித்து அமுக்கிக்கொள்ள, ஒருவழியாக வேலையை முடித்தேன்.

மறுநாள் ஆறு தட்டிலும் ஆறு வட்டம், அளவெடுத்துப் போட்டதுபோல. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"இவங்க தப்பிச்சது அதிர்ஷ்டம். இப்படியே தின்னா ஒரு நாள் அங்கயும் வளரும்" என்றார் டாக்டரம்மா. "இப்ப நம்ம ஆளுங்க மூக்கப் பாரு." நர்ஸ், ஆயா, வாட்ச்மேன், டாக்டரம்மா எல்லாருக்கும் எடுத்தேன். கடைசியில் ஒப்புக்கு எனக்கும் எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் ஒரே ஒரு தட்டில்தான் வட்டம் இல்லை. அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டை மூன்று முறை படித்தேன். என் கையெழுத்தில் என் பெயர்தான் இருந்தது.

தொண்டை கரகரத்தால் அலமாரியிலிருந்து இரண்டு பென்சிலின் மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வேன். சரியானதும் நிறுத்திவிடுவேன். வருடக்கணக்காக இதுதான் பழக்கம், அதுவும் எல்லாம் தெரிந்த எனக்கு! சரி, என் மூக்கில் இருந்தது அவள் மார்புக்கு எப்படிப் போனது? நம் ஊரில் பிள்ளையை மூக்கால்தானே கொஞ்சுவோம்? கன்னத்தில் மூக்கைப் பதித்து ஒரு இழுப்பு இழுத்தால்தான் கொஞ்சிய மாதிரி. அவள் பிள்ளை பிறந்த அன்றிலிருந்து வீட்டுக்குப் போகும்வரை வேளைக்கொரு தரம் இழுத்தவள் நான். பிள்ளையிடமிருந்து தாய்க்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? சத்தியம் செய்ய என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் வேறு யார் தட்டிலும் அது இல்லை.

என் தட்டிலும் வட்டம் விழும்வரை வார்டுக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவாயிற்று. மூக்குக்குள் களிம்பைத் தடவி, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். புது மருந்தில் அவளுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. கணவரும் பக்கத்தில் இருந்தார்.

"கரையில ஒங்கள ஏசினது தப்பு. இந்தக் கிருமி என்கிட்ட இருந்துதான் வந்திருக்கும்போல" என்றேன்.

"அப்ப ஒங்கள இப்ப யாரு ஏசுறது?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என்னை வெறுத்துவிட்டாள் என்று நினைத்து வீட்டில் போய் அழுதேன்.

இரண்டு நாள் கழித்து, "காய்ச்சல் திரும்பிருச்சு" என்றார் நர்ஸ். புது மருந்தையும் அந்தக் கிருமி தின்றுவிட்டதென்றால் இனி அவளுக்குக் கொடுக்க எதுவுமே இல்லை. வாசலுக்கு ஓடினேன்.

"திட்டாதீகக்கா" என்று சொல்லிக்கொண்டே அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு நாள் கேப்சூல் அத்தனையும் இருந்தது. "ஒங்களுக்கும் இதே கிருமின்னு சொன்னீகள்ல. எனக்குத்தேன் காய்ச்சல் விட்டுருச்சே. ஒங்களுக்குன்னு எடுத்து வச்சேன்."

"பைத்தியக்காரி! வாயில போடு! தண்ணியக் குடி! நாக்கைத் தூக்கு, பாக்கணும்!" முகத்தில் கட்டிய துணிக்குள்ளிருந்து கத்தியதில் அவளுக்குப் பாதி புரிந்திருக்காது. கத்தக் கத்த எனக்கு அழுகை பொங்கியது. அவள் பயந்துபோய் விழுங்கினாள்.

அன்றிலிருந்து வேளைக்கு வேளை வாசலில் நின்று, கடைசிக் கேப்சூல்வரை அவளை விழுங்கவைத்தேன். காய்ச்சல் போனது, புண் ஆறியது. பால் வற்றவில்லை. பிள்ளை சப்புக்கொட்டிக் குடிக்கிற சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது. "உள்ள வாங்கக்கா, வந்து தூக்குங்க" என்றாள். என் தட்டில் இன்னும் வட்டம் விழவில்லை. நான் படியைத் தாண்டவில்லை.