கோல்ப்காரன் சலீமும் என் சுன்னத்துக் கலியாணமும்

குரும்பையைத் தென்னை மட்டையின் அடிப்பக்கத்தால் சரியாக நடுவில் அடித்தால் "டொக்" என்று ஒரு சத்தம் வரும். பிழையாக அடித்தால் அது பிளந்து, துவர்ப்பு வாடையோடு சாறு தெறித்துச் சட்டையில் கறையாக ஒட்டிக்கொள்ளும், எந்தச் சவர்க்காரம் போட்டாலும் போகாது. என் சட்டையில் கறை குறைவு. சலீமின் சட்டை முழுக்கக் கறை. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இன்றைக்கு அவனைப் புகழ்ந்து பேசுகிற ஒருவருக்கும் இது தெரியாது.

சலீம் என் உம்மாவின் தங்கை மகன். என்னைவிட நான்கு மாதம் இளையவன். கோல்ப் விளையாடுவதையே தொழிலாக்கி, இந்தியா, சிங்கப்பூர், மலேசியா என்று போய்க் கிண்ணம் வென்றவன். இப்போது வயது போய்விட்டது, மலேசியாவில் இருந்துகொண்டு வசதியானவர்களுக்கு அந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுக்கிறான். எங்கள் ஊரான கல்முனையில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்பவர்கள் அவன் பெயரைச் சொல்கிறார்கள். எனக்கு அவன்மேல் பொறாமை. நாற்பது வருடத்துக்கு மேலாகப் பொறாமை. அது குறையவுமில்லை, குறைய வேண்டுமென்று நான் துஆ கேட்டதுமில்லை.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்து எங்கள் கடற்கரைத் தென்னந்தோப்பை ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போனது. பெரியவர்களுக்கு அது பெரும் நட்டம். பன்னிரண்டு வயதுப் பையன்களான எங்களுக்கு, மரங்கள் வேரோடு பிடுங்கப்பட்ட இடமெல்லாம் வட்ட வட்டமாகக் கிடங்குகள், கால் வைக்கும் இடமெல்லாம் குரும்பை, கைக்கு எட்டும் தூரத்தில் மட்டை. சொல்லித்தர ஒருவருமில்லாமல் நாங்களே ஒரு விளையாட்டை உண்டாக்கிக்கொண்டோம். ஒரு கிடங்கின் விளிம்பில் நின்று அடித்து, அடுத்த கிடங்குக்குள் குரும்பையை விழுத்த வேண்டும். குறைந்த அடியில் விழுத்தியவன் வென்றவன். நான் மூன்று அடியில் விழுத்துவேன். சலீமுக்கு ஐந்தாறு வேண்டும், அதையும் நான்கு என்று எண்ணுவான். அவனை எல்லாரும் "அளாப்பி" என்றுதான் கூப்பிட்டோம். இதுதான் கோல்ப் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அடுத்த வருடம், உம்மாவின் மூத்த சகோதரரான மாமா நுவரெலியாவிலிருந்து வந்தார். அவருக்கு அங்கே, இடுப்பில் கட்டும் மருதமுனைச் சாரன் விற்கும் கடை. பிள்ளைகள் எல்லாம் பெண்கள். கடையில் தன்னோடு வைத்துக்கொண்டு, அங்கேயே பள்ளிக்கூடத்துக்கும் அனுப்ப ஒரு பையனைத் தேடி வந்திருந்தார். என்னைத்தான் பார்த்தார்.

"நல்ல துடிப்பானவன். இவன நான் கூட்டிட்டுப் போறன் கா" என்றார் உம்மாவிடம்.

மலைநாடு! குளிர், ரயில், வெள்ளைக்காரன் கட்டிய வீடுகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் உம்மா விடவில்லை.

"சுன்னத்துச் செய்யாத புள்ளய நான் பிறத்தியூருக்கு அனுப்பமாட்டன் காக்கா. சலீமுக்கும் இவனுக்கும் வாற திங்கள் நாள் குறிச்சாச்சி. அது முடியட்டும்."

"முடிஞ்சா நடக்கேலாமக் கிடப்பானே கா. நான் ஒரு கிழமைதான் நிப்பன்."

"ஒஸ்தா மாமாட கை ராசியான கை. அஞ்சு நாளையில ஓடித் திரிவான்."

ஒஸ்தா மாமா என்றால் ஊரில் பையன்களுக்குச் சுன்னத்துச் செய்துவிடுபவர். அவர் தோல்பையோடு தெருவில் வந்தால் பையன்கள் வேலி பாய்வார்கள். திங்கட்கிழமை விடியவே எங்கள் வீட்டில் பந்தலும் சோற்று வாசமும். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் புதுச் சாரன், ஒரே மாதிரித் தொப்பி. சலீம் தொப்பியைக் கழற்றிப் பந்தல் காலில் மாட்டிவிட்டு, மூத்திரம் பெய்யப் போனவன் திரும்பி வரவில்லை. மாவடிப்பள்ளிக் கிராமத்தில் அவனுடைய வாப்பாவின் வயல் வாடிக் குடிசைக்குள் வைக்கோலுக்கு அடியில் படுத்திருந்தான் என்பது அந்திக்குத்தான் தெரிந்தது.

நான் ஓடவில்லை. உரலைக் கவிழ்த்து என்னை அதன்மேல் உட்கார வைத்தார்கள், மாமாவே பின்னால் நின்று என் கண்ணைப் பொத்தினார். நான் கத்தவுமில்லை. "இவன்தான்டா ஆம்புள!" என்று பந்தலில் யாரோ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சலீமை அவன் உம்மாவான என் சாச்சி விளக்குமாற்றால் அடித்து இழுத்துவந்து, "பாரு ஹறாங்குட்டி, அவன் எப்பிடிப் படுத்திரிக்கான் பாரு" என்று என் முன்னால் நிறுத்தினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். என் வாழ்க்கையில் அவனைவிட நான் பெரியவனாக இருந்த கடைசி நாள் அது.

முகட்டிலிருந்து கயிறு கட்டி, சாரன் புண்ணில் படாமல் தூக்கி வைத்திருந்தார்கள். பொரித்த கோழியும் முட்டையும் தின்றுகொண்டு நாட்களை எண்ணினேன். நான்காம் நாள் பின்னேரம், வேலிக்கு அப்பால் தோப்பிலிருந்து "டொக்" என்று கேட்டது. திரும்பவும் "டொக்". சலீம்தான். ஒஸ்தா மாமா வர வேறொரு நாள் குறிக்கும் வரைக்கும் அவனுக்கு ஒரு வேலையுமில்லை. நான் வீரனாகப் படுத்திருக்க, ஓடிப்போனவன் என்னுடைய கிடங்கில் என்னுடைய விளையாட்டை விளையாடுகிறான். பொறுக்க முடியவில்லை. சாரனை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு பின்கதவால் போனேன். அவனிடமிருந்து மட்டையைப் பறித்தேன்.

"வேணாம்டா, உம்மா ஏசும்" என்றான்.

"தள்ளுடா அளாப்பி" என்று இடுப்பைத் திருப்பி ஓங்கி ஓர் அடி அடித்தேன். குரும்பை நேராகப் போய்க் கிடங்கில் விழுந்தது. புதுச் சாரனில் இரத்தம் பரவியது.

ஒஸ்தா மாமா திரும்ப வந்தார், என்னை ஏசினார், மருந்து கட்டினார், பதினைந்து நாள் அசையக்கூடாது என்றார். மாமா என் பக்கத்தில் வந்து குந்தினார். "மனே, நீ சுகமாகு. இந்த முறைக்குச் சலீம் வரட்டும், அவன்ட சுன்னத்த அங்க செய்விப்பன். பிறகு உன்னக் கூட்டிப் போறன்" என்றார். அடுத்த நாள் காலை, எனக்கென்று வாங்கியிருந்த பச்சை நிறக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு சலீம் பஸ் ஏறினான். அவனுக்குச் சுன்னத்து நுவரெலியாவில் ஓர் ஆஸ்பத்திரியில், ஊசி போட்டு, வலியில்லாமல் நடந்ததாகக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை நான் கிழித்தேன்.

மாமா சொன்ன "பிறகு" வரவில்லை. கடைக்கு ஒரு பையன் போதும். அவனும் கடையில் நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் கோல்ப் மைதானத்துக்கு ஓடி, விளையாட வருபவர்களுக்குப் பை சுமந்தான். "மூத்த மருமகன் வந்திருந்தால் கடை உருப்பட்டிருக்கும்" என்று என்னை நினைத்து மாமா எழுதினார். சாச்சி வீட்டுக்கு வீடு அழுதாள், பை தூக்கவா பெற்றேன் என்று. நான் சந்தோசப்பட்டேன். மெய்யாகவே சந்தோசப்பட்டேன். பிறகு ஒரு வருடம் பை சுமப்பவர்களுக்கு நடந்த போட்டியில் அவன் முதலாவதாக வந்தான் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு கொழும்பு. எண்பதுகளின் கடைசியில் சிங்கப்பூரில் கிண்ணத்தோடு நிற்கும் படம் பத்திரிகையில் வந்தது. தேநீர்க்கடையில் அந்தப் பத்திரிகை கைமாறிக் கைமாறி நைந்துபோனது. நான் அப்போது வாப்பாவின் வயலில் இரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடமே, யுத்தத்துக்கு நடுவில் பாதை கொஞ்சம் திறந்திருந்த நாட்களில், தன் தங்கையின் கலியாணத்துக்கு வந்தான். உயரமாகியிருந்தான். அறுவடை முடிந்த வயலில் ஊரே கூடி, அடித்துக் காட்டச் சொன்னது. அவன் பத்துப் பந்து அடித்தான். பொறுக்கப் போன சிறுவர்கள், பத்தும் நெல்லடிக்கும் ஒரு களவெட்டி அளவு இடத்துக்குள் கிடந்ததாகக் கத்தினார்கள்.

"ஆரும் எதிர்த்து வாறானுமில்ல, ஆரையும் விழுத்துறதுமில்ல. இது விளையாட்டா, வேலையாடா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"வேலதான் மாமா. மழையிலயும் போகோணும்" என்றான்.

நான் அவனுடைய கோல்ப் கம்பைக் கேட்டேன். முதல் அடி மண்ணில். சனம் சிரித்தது. இரண்டாவது காற்றில். மூன்றாவது, அல்லாஹ்மேல் ஆணை, அவனுடைய பத்துப் பந்தையும் தாண்டிப் பறந்து வாய்க்காலுக்கு அப்பால் விழுந்தது. சனம் கூச்சலிட்டது. நான் பந்தைப் பார்க்கவில்லை, சலீமின் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சமாவது சுருங்கும் என்று பார்த்தேன். அவன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான்.

"உன்ட கை அப்பிடியே இரிக்கிடா! நான் வருசக்கணக்கா விடிய எழும்பிப் பழகினத்த நீ மூணாவது அடியில அடிக்கிறாய். அண்டைக்கு நீ கட்டில்ல கிடந்திருந்தா, இண்டைக்கு நான் இஞ்ச வயல் வெட்டிட்டு இருந்திருப்பன்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதுதான் என்னால் தாங்க முடியாதது. என்னைப் பார்த்து ஒரு துளி பொறாமையும் வராத அந்த முகத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவன் பாடுபட்டு முன்னுக்கு வந்தான் என்கிறார்கள். நானும்தான் பாடுபட்டேன். நெல்லு வெட்டியவனுக்கு யார் கிண்ணம் கொடுத்தார்கள்?

சூறாவளி விட்டுவைத்த நாலைந்து தென்னையையும் பிறகு சுனாமி கொண்டுபோனது. அந்த இடத்தில் இப்போது மதில் கட்டிய வீடுகள், கிடங்கு இருந்ததற்கு அடையாளமில்லை. ஒஸ்தா மாமா மவுத்தாகிவிட்டார். அவர் தொழிலை எடுக்க ஆளில்லை. பந்தலில்லை, உரலில்லை, முகட்டில் கயிறில்லை. போன மாதம் என் மகளின் மகனுக்கு ஆஸ்பத்திரியில் செய்தார்கள். அரை மணித்தியாலம். மூன்றாம் நாள் காலையில் சோற்றை அரைகுறையாகத் தின்றுவிட்டு, பை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வேன் ஏறிவிட்டான்.

"புள்ள சுகமாப் போறான். நீங்க ஏன் மொகத்த இப்பிடி வெச்சிட்டு நிக்கிறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

வேனின் கண்ணாடிக்குள்ளால் அவன் எனக்குக் கை காட்டிக்கொண்டு போனான், ஏழு வயது, என் சொந்தப் பேரன். அவனைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது.