சத்தம் வருது, படம் வரலை

என் அண்ணனிடம் வீடியோ கேமில் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. எனக்கு நாற்பது வயதாகிறது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் எடுக்கிறேன். அவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பத்து நாள் லீவு. இந்தத் தடவை பத்து நாளும் கல்யாணம், காதுகுத்து என்று ஓடிவிட்டது. கிளம்புகிற அன்று காலை விராலிமலையில் என் வீட்டுக்கு வந்தவன், ஷோகேஸில் இருந்த எங்கள் பழைய கேம் பெட்டியைப் பார்த்துவிட்டான்.

"ஒரு ஆட்டம் போடுவமா? நீதான் இன்னும் கணக்கே தொறக்கலயே."

மூன்று மணிக்கு ஏர்போர்ட் கார் வரும். அதற்குள் இவனை ஒருமுறையாவது தோற்கடித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

பெட்டியை டிவியில் மாட்டினேன். பாட்டு கேட்டது, திரை இருட்டாகவே இருந்தது.

"சத்தம் வருது, படம் வரலை. டீச்சர் ஃபெயிலா?" என்றான் அண்ணன், முறுக்கைக் கடித்தபடி.

"சத்தம் வந்தா பெட்டி ஓடுதுன்னு அர்த்தம். நீ பேசாம இருண்ணே."

வயரை மாற்றிப் பார்த்தேன். மூடியைக் கழற்றி மல்டிமீட்டரில் வோல்டேஜ் பார்த்தேன்; சரியாக இருந்தது. படத்தை வெளியே அனுப்பும் டிரான்சிஸ்டர்மேல் சந்தேகம் வந்தது. பாவம், அதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் பற்றவைத்தேன். அப்போதும் இருட்டுதான். அண்ணன் முறுக்கை முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு நகர்ந்திருந்தான்.

கடைசியில், படத்தைக் கொண்டுபோகும் மஞ்சள் வயரின் முனையை அதற்குரிய துளையில் செருகாமல், துளைக்குப் பின்னால் போர்டில் பற்றவைத்திருந்த இடத்தில் நேராகத் தொட்டேன். படம் பளிச்சென்று வந்தது. அப்படியானால் போர்டில் கோளாறே இல்லை. துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சள் துளைக்குள் மஞ்சளாகவே ஏதோ இறுகிக் கிடந்தது. சந்தனம்!

வைத்தது நான்தான். ஆயுத பூஜையன்று வீட்டில் மிக்ஸி முதல் அயர்ன் பாக்ஸ் வரை எதையும் பொட்டு வைக்காமல் விடமாட்டேன். இதற்கு மட்டும் முன்பக்கம் வைத்தால் ஸ்டிக்கர் கெட்டுவிடும் என்று, பின்பக்கம் வட்டமாக வாகாக இருந்த இடத்தில் வருடா வருடம் வைத்திருக்கிறேன். குங்குமம் உதிர்ந்துவிட்டது, சந்தனம் உள்ளே குடியேறிவிட்டது.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஒங்க லேப்ல மொதப் பாடமே சந்தனம் கொழைக்கிறதுதானா?"

ஊசியால் நோண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து முடித்தபோது மணி இரண்டே முக்கால். ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் நேரம்.

உட்கார்ந்ததும் எனக்கு வேறு பயம் வந்தது. ஊருக்குப் போகிற நேரத்தில், தங்கச்சி பாவம் என்று விட்டுக்கொடுத்துவிடுவானோ? அப்படிச் செய்தால் அங்கேயே உடைந்துவிடுவேன் என்று தோன்றியது.

அவனா? முழங்கையால் இடித்தான். நான் பட்டனை அமுக்கப் போகும் நேரம் பார்த்து, "ஏய், பல்லி!" என்று கத்தினான். வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. என் மூன்று உயிரையும் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தான்.

"ஒரு தடவ விட்டுக்குடுத்தா என்னண்ணே கொறஞ்சு போயிருவ?" என்று கார் கதவைப் பிடித்துக்கொண்டு வீம்புக்குக் கேட்டேன்.

"விட்டுக்குடுத்தா நீ அழுவ. அப்பறம் எனக்குக் கெளம்ப மனசு வராது" என்றான், சீட் பெல்ட்டைத் தேடியபடி.